நீல நூல் கட்டிய குச்சி

கடவுள் காக்க
ஞாயிறு, பிற்பகல்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் எப்போதும் போலத்தான். உன் உடம்பு எப்படி என்று போனில் கேட்டால் "ம்" என்கிறாய். வேலை எப்படி என்றாலும் "ம்". "ம்" என்று யாரும் கடிதம் எழுத முடியாது, அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன்.

அப்பா போய் இன்றோடு நாற்பத்து மூன்று நாள். அன்றைக்கு நீ வந்தாய். மூன்று மணி பத்து நிமிடம் வீட்டில் இருந்தாய். தண்ணீர் மட்டும் குடித்தாய். ஷெட் பக்கம் போகவில்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் தினமும் எழுதுகிற நோட்டில் அப்படி இருக்கிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போகிறது, நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறேன். கடவுள் இதையும் பிரார்த்தனையாக எடுத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நானே ரப்பர் வளையம் மாற்றினேன். அப்பாவின் சட்டைகளைக் கொடுத்துவிட்டேன். அவருடைய இரண்டு மூக்குக்கண்ணாடிகளை என்ன செய்வது என்று தெரியாமல், யாருக்காவது உதவும் என்று கண்ணாடிக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு, "அம்மா, ஷெட்டுல நிக்கிற வண்டிய என்ன பண்றதா உத்தேசம்?" என்று கேட்டார். பழைய வண்டி என்றால் அவருக்கு உயிராம். ஏற்கெனவே இரண்டு வைத்திருக்கிறாராம். "நான் ஓட்டக்கூட மாட்டேம்மா, தினமும் பார்த்துக்கிட்டு இருப்பேன்" என்றார். இந்த வீட்டில் பதினோரு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தோம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் வந்தார். ஆமையின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்ததும் சின்னப் பிள்ளை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். நீ ஆமை என்று பெயர் வைத்ததைச் சொன்னேன். சிரித்தார். பானெட்டைத் திறந்து, பதிவுப் புத்தகத்தில் இருக்கிற எஞ்சின் நம்பரை வைத்துக்கொண்டு தேடினார். ஒரு கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றைப் போட்டார். டார்ச் அடித்தார். நம்பர் இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று, கழுவி வைத்த தட்டு போல இருந்தது. யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள் என்றார். "இது இந்த வண்டியோட எஞ்சின் இல்லம்மா. எதுன்னும் தெரியல" என்றார்.

வண்டி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பானெட்டைத் திறந்து, உள்ளே ஆயில் எவ்வளவு என்று காட்டுகிற குச்சியை உருவிப் பார்த்து நோட்டில் எழுதினவள் நான். ஏழாவதோடு நின்றவள், அந்த வண்டியின் கையேட்டைப் படித்துப் படித்துத்தான் பெரிய வார்த்தைகளை வாசிக்கக் கற்றுக்கொண்டேன். உள்ளே வேறு எஞ்சின் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியவில்லை. அப்பா சொல்லவும் இல்லை.

வண்டிக்குச் சொந்தக்காரர் பெயர் மாற்றும் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா, "புத்தகத்துல இருக்கிற எஞ்சின் வண்டியில இல்ல. வண்டியில இருக்கிற எஞ்சின் புத்தகத்துல இல்ல. ரெண்டும் ஒண்ணாகிறவரைக்கும் உங்க வண்டியே எங்களுக்கு இல்லம்மா" என்றார். அது எந்த எஞ்சின், எங்கிருந்து வந்தது, எப்போது மாட்டியது என்று ஒரு மெக்கானிக் எழுதித் தர வேண்டுமாம். அதன் கீழே வாரிசுகளாக நானும் நீயும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

இங்கே ஒன்றை எழுத வேண்டும். இத்தனை வருடத்தில் நாம் இதைப் பேசினதில்லை.

மலைமேல் அணைக்கட்டு அலுவலகத்தில் உனக்கு நேர்காணல். திங்கட்கிழமை. அப்பா சாவியைக் கையில் கொடுத்து, "ஆயில் பாத்துட்டு எடு" என்றார். நீ பானெட்டைத் திறந்து பார்த்ததை நான் சமையலறை ஜன்னல் வழியாகக் கண்டேன். பன்னிரண்டாவது வளைவில் எஞ்சின் தட்டிக்கொண்டு நின்றுபோனது. மேலே இருந்த மெக்கானிக் அடியைக் கழற்றி, ஆயில் கிடைக்காமல் பேரிங் கருகிவிட்டது என்றார். நேர்காணல் போயிற்று. வண்டியை லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். "பாத்தேம்பா, மேல் கோடு வரைக்கும் நிறைஞ்சு இருந்துச்சு" என்று நீ சொன்னாய். அப்பா, "குச்சி பொய் சொல்லாது. அப்ப யார் சொல்றது?" என்றார். நீ என் பக்கம் திரும்பினாய். "அம்மா, நேத்து ஞாயித்துக்கிழமை நீயும் பாத்தியே. சொல்லும்மா" என்றாய்.

எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை என்று சொன்னேன்.

வியாழக்கிழமை நீ வீட்டை விட்டுப் போய்விட்டாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டில் "ஆயில், மேல் கோடு" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. ஆனால் எல்லா ஞாயிறும் அதேதான் எழுதியிருக்கிறேன். பார்த்து எழுதினேனா, பழக்கத்தில் கை எழுதிவிட்டதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது என்று வைத்துக்கொள்.

ஆமையை விற்பதற்கு எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த எஞ்சின் எது என்று கண்டுபிடிக்கப் போகிறேன். எது என்றே தெரியாத ஒன்று, உன்னால்தான் கெட்டது என்று இத்தனை வருடம் நாங்கள் நிச்சயமாக நம்பியிருக்கிறோம்.

வேளைக்குச் சாப்பிடு. ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்காதே. உனக்குச் சளி பிடிக்கும்.

அம்மா


கடவுள் காக்க
வியாழன்

அன்புள்ள மகனுக்கு,

உன் தபால் அட்டை வந்தது. "விற்றுவிடு அம்மா. எனக்கு ஆட்சேபணை இல்லை." இரண்டு வரி. "ம்"மை விட நீளம்தான். அலமாரியில் வைத்திருக்கிறேன்.

முழங்காலுக்கு மருந்துக் கடையில் ஒரு பட்டி கொடுத்தார்கள். கட்டினால் வலி கீழே இறங்கிக் கணுக்காலுக்குப் போகிறது. பரவாயில்லை, இடம் மாறினதே போதும்.

எஞ்சின் விஷயம். கண்ணாடிக் கடைக்காரர் ஒரு மெக்கானிக்கை அனுப்பினார். அவருக்குக் காது கேட்காது. ஊரே அவரை டமாரம் என்றுதான் கூப்பிடுகிறது. வந்ததும் அவரே, "டமாரம் வந்திருக்கேன்க்கா, கொஞ்சம் கத்திப் பேசுங்க" என்றுதான் அறிமுகம் செய்துகொண்டார். காது கேட்காத மெக்கானிக் எஞ்சினை எப்படிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அது அவருக்கு என் முகத்திலேயே தெரிந்துவிட்டது. "காது கேட்கிறவன் எஞ்சின் சத்தத்தக் கேட்டு ஏமாந்து போவான்க்கா. நான் கைய வச்சுப் பாப்பேன். கைகிட்ட அது நடிக்க முடியாது" என்றார். பிறகு, "இது செத்துக் கிடக்கு, கை வச்சும் பிரயோசனம் இல்ல" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

முதலில் அழுக்கை எடுக்க வேண்டும் என்றார். மண்ணெண்ணெயும் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் கேட்டார். அப்பாவின் பிரஷ் இன்னும் கண்ணாடி டம்ளரில் இருந்தது. அதைத்தான் கொடுத்தேன். வீட்டில் வேறு பழைய பிரஷ் இல்லை.

அவர் தேய்த்துக்கொண்டிருக்கும்போது நான் கையேட்டை எடுத்து வந்து, எஞ்சின் படம் இருக்கிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். படத்தில் தலை மூடியை இறுக்குகிற போல்ட் பத்து. எண்ணினேன். நம் எஞ்சினில் பதின்மூன்று இருந்தன. மறுபடி எண்ணினேன். பதின்மூன்று. டமாரத்தின் தோளைத் தட்டி விரலால் காட்டினேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "இத்தன வருஷமா வாராவாரம் பானெட்டத் தொறந்தீங்களே, இத எண்ணலையா?" என்று கேட்டார். நான் குச்சியை மட்டும்தான் பார்ப்பேன் என்றேன். அவருக்குக் காது கேட்கவில்லை. திரும்பச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மூலையில் கத்தியால் சுரண்டினார். மேலே கறுப்புப் பெயிண்ட், அதற்கு அடியில் பச்சை. காருக்குப் போகிற எஞ்சினுக்குக் கம்பெனியில் கறுப்பு அடிப்பார்களாம், வேனுக்குப் போவதற்குப் பச்சையாம். பச்சையை மறைக்க யாரோ கறுப்பு அடித்திருக்கிறார்கள். பக்கவாட்டில், வார்க்கும்போதே மேடாக வந்த எண்கள் இருந்தன. ராவி எடுத்தவர் அதைக் கவனிக்கவில்லை. வெள்ளைச் சாக்பீஸை அதன்மேல் உரசினார். ஒவ்வொரு எண்ணாக வெள்ளையாக எழும்பி வந்தது. அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, பழைய உதிரி பாகம் விற்கிற ஒருவருக்குப் போன் போட்டார். போட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். அந்த ஆள் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுத, டமாரம் என் தோளுக்கு மேலிருந்து படித்து, "கேளுங்க, எந்த வருஷம்னு கேளுங்க" என்று கத்த, போனில் இருந்தவர், "யாரும்மா அது பக்கத்துல, சண்டையா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். நம் வண்டியைச் செய்த அதே கம்பெனி, வேனுக்காகச் செய்த எஞ்சின். நம் வண்டி வந்து ஏழு வருடம் கழித்து வார்த்தது. அது நம் வண்டிக்காகச் செய்ததில்லை, ஆனால் கொஞ்சம் வெட்டி ஒட்டினால் உட்கார்ந்துவிடும்.

அப்படி ஒட்டின இடத்தையும் பார்த்தோம். எஞ்சினைத் தாங்குகிற இடத்தில் ஓர் இரும்புத் தகடு பற்ற வைத்திருந்தது. டமாரம் படுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். தகட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம் குத்தியிருந்ததாம். "பெரியாஸ்பத்திரி வாசல்ல இருக்கிற பட்டறைக்காரன் வேலைக்கா இது. செய்யிற எல்லாத்துலயும் நட்சத்திரம் குத்துவான், என்னமோ தங்க நகை செஞ்ச மாதிரி" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரி என்றதும் எனக்கு எந்த நோட்டை எடுப்பது என்று தெரிந்துவிட்டது.

அப்போது உனக்கு எட்டு வயது. குடலில் சீழ் கட்டி, அறுபது மைல் தள்ளி இருந்த அந்த ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தோம். நான் உன்னோடு உள்ளே இருந்தேன். பத்தொன்பது நாள். என் நோட்டுகள் எல்லாவற்றிலும் வெறுமையாக இருப்பது அந்தப் பத்தொன்பது நாள் மட்டும்தான். அதற்கு முந்தைய மூன்று ஞாயிறும், "ரேடியேட்டர் ரப்பர் குழாயில் கசிவு. மாற்றச் சொன்னேன்" என்று எழுதியிருக்கிறேன். மூன்று தடவை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு குழாயைப் பற்றி ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதற்கு முன்பெல்லாம் ஆயில் மாற்றும்போது, "நான்கு லிட்டர்" என்று இருக்கிறது. கையேட்டிலும் நான்கு லிட்டர்தான். பிறகு வந்த எல்லாத் தடவையும், "இரண்டரை லிட்டர்." ஒரு பக்கத்தில், ஏன் குறைந்தது என்று அப்பாவைக் கேட்டதையும் எழுதியிருக்கிறேன். "வண்டிக்கும் வயசானா சாப்பாடு குறையும்" என்று அவர் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நான், "சிரித்தோம்" என்று எழுதியிருக்கிறேன்.

டமாரத்திடம் இதைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "இரண்டரையா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு குச்சி எங்கே என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். குச்சி இருக்கிற ஓட்டையில் துணி அடைத்திருந்தது. குச்சி இல்லை.

தேடுகிறேன். திங்கட்கிழமை அந்தப் பட்டறைக்குப் போகிறோம்.

நீ சின்ன வயதில் ஆஸ்பத்திரி என்றால் கண்ணை மூடிக்கொள்வாய். இப்போது காய்ச்சல் வந்தாலாவது டாக்டரிடம் போகிறாயா?

அம்மா


கடவுள் காக்க
செவ்வாய், காலை

அன்புள்ள மகனுக்கு,

இதை நிதானமாகப் படி. வேலைக்குப் போகும் அவசரத்தில் படிக்காதே. சாயங்காலம் வந்து படி.

நேற்று டமாரத்தோடு பஸ்ஸில் போனேன். பட்டறை இன்னும் ஆஸ்பத்திரி வாசலில்தான் இருக்கிறது. சொந்தக்காரர் வேலை செய்வதில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களைத் திட்டுகிறார். இத்தனை வருடத்துக்கு முந்தைய வேலையைக் கேட்கிறோமே என்று தயங்கினேன். வண்டியின் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தார். "ஞாபகம் இல்லாம போகுமா? ரோட்டு நடுவுல வண்டிய விட்டுட்டு, கதவக்கூட சாத்தாம ஆஸ்பத்திரிக்குள்ள ஓடின மனுஷன். பின்னாடி நாப்பது வண்டி ஹாரன் அடிக்குது. நாங்கதான் தள்ளி ஓரங்கட்டினோம். பானெட்டத் தொறந்தா ஆவிதான். சொட்டுத் தண்ணி இல்ல. எஞ்சின் வெந்து போச்சு" என்றார்.

நான் மாற்றச் சொன்ன அந்த ரப்பர் குழாய், வழியில் ஒரு பாலத்தருகே வெடித்திருக்கிறது. அங்கிருந்து ஆஸ்பத்திரி பன்னிரண்டு மைல். அப்படியே ஓட்டி வந்திருக்கிறார். ஏன் நிறுத்தவில்லை என்று பட்டறைக்காரர் பிறகு கேட்டாராம். "நிறுத்தினா கையெழுத்துக்கு நேரமாயிடும்" என்றாராம்.

எந்தக் கையெழுத்து என்று எனக்குத் தெரியும். உன்னை உடனே அறுக்க வேண்டும், தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று டாக்டர் அவர் அலுவலகத்துக்குப் போன் செய்த நாள் அது. அவர் வந்து நின்றபோது சட்டை நனைந்திருந்தது. கை கறுப்பாக இருந்தது. காகிதம் அழுக்காகிவிடும், கழுவிவிட்டு வாருங்கள் என்று நான் சொன்னேன். கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு ஒரு வாரம் பஸ்ஸில் வந்து போனார். வண்டி சர்வீசுக்கு விட்டிருக்கிறது என்றார். நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது உன் முகம் மட்டும்தான் தெரிந்தது.

பட்டறை முற்றத்தில் ஆஸ்பத்திரியின் பழைய வேன் ஒன்று கழித்துப் போட்டுக் கிடந்ததாம். படுக்கை விரிப்புகளைச் சலவைக்கு ஏற்றிப்போகிற வேன். "எது ஓடுமோ அதப் போடுங்க. புள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். அவங்கம்மாவுக்குத் தெரிய வேணாம். குழாய மாத்துன்னு மூணு வாரமா சொல்லிட்டிருந்தா" என்று அப்பா சொன்னாராம். நம்பரை ராவினதும் கறுப்பு அடித்ததும் அவர் கேட்டுத்தானாம். ஆக, அலுவலகத்துக் குமாஸ்தாவுக்கு எழுத வேண்டியது கிடைத்துவிட்டது. எஞ்சின், ஆஸ்பத்திரி சலவை வேனுடையது.

நான் எழுந்துவிட்டேன். டமாரம் எழவில்லை. குச்சியைப் பற்றிக் கேளுங்கள் என்று என்னைப் பார்த்துக் கத்தினார். கேட்டேன்.

பட்டறைக்காரர் சொன்னது: "வேன் குச்சி குட்டை, உங்க வண்டிக் குச்சி நெட்டை. இது அதுக்கு ஒத்து வராது சார்னு சொன்னேன். கேக்கல. 'வாராவாரம் அவ அந்தக் குச்சியத்தான் பாப்பா. வளையத்துல நீல நூல் இல்லாட்டி உடனே கேப்பா'ன்னார். சரி, மாட்டித் தரேன், ஆனா நாளைக்கே ஆயில அளந்து ஊத்திக் குச்சியில புதுசா ஒரு கோடு போட்டுக்கங்க, பழைய கோட்ட நம்பாதீங்கன்னேன். அவர் காதுல விழுந்துச்சோ என்னமோ. அப்பத்தான் உங்க புள்ளைய சக்கர நாற்காலியில வாசலுக்குக் கொண்டாந்தாங்க. அவர் அங்க பாத்துட்டு நின்னார்."

அந்த நீல நூல் நான் கட்டினது. சூட்டில் வளையம் விரலைச் சுடுகிறது என்று, உன் பள்ளிக்கூட ஸ்வெட்டரிலிருந்து பிரித்த நூலைச் சுற்றியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி தேடினேன். அப்பாவின் மேஜையில், பூட்டாத இழுப்பறையில், கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தது. நூலோடு. டமாரம் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "அக்கா, இதுல மூணு கோடு இருக்கு" என்றார். கீழ்க் கோடு, மேல் கோடு, அதற்கு மேலே ஒரு விரல் தள்ளி இன்னொரு கோடு. பழைய கோடுகள் தேய்ந்திருந்தன. மூன்றாவது கோடு புதிதாக, அரத்தின் தடம் தெரிகிற மாதிரி இருந்தது.

அவர் எஞ்சினின் அடியில் வாளியை வைத்து அடைப்புத் திருகாணியைக் கழற்றினார். ஆயில் தேன் நிறத்தில் விழுந்தது. "இது ஓடாத ஆயில்க்கா. யாரோ ஊத்தி வச்சிருக்காங்க" என்றார். அளந்தோம். நான்கு லிட்டர். பிறகு என் சமையலறை அளவுக் குவளையால் ஒவ்வொரு லிட்டராகத் திரும்ப ஊற்றினோம். இரண்டரை லிட்டர் ஆனதும் குச்சியை விட்டு எடுத்தோம். மேல் கோடு. துடைத்துவிட்டு நானும் ஒரு தடவை பார்த்தேன். சரியாக மேல் கோடு. நான்கும் ஊற்றி முடித்துப் பார்த்தோம். மூன்றாவது கோட்டில் நின்றது.

டமாரம் எனக்கு விளக்கினார். நெட்டைக் குச்சி கூடுதலாக உள்ளே இறங்குகிறது, அதனால் குறைவான ஆயிலையே நிறைவு என்று காட்டுகிறது. சமதளத்தில் இரண்டரை லிட்டரை வைத்துக்கொண்டு வண்டி சமாளிக்கும். அப்பா ஓட்டினதெல்லாம் சமதளம். வீடு, அலுவலகம், பிரார்த்தனைக் கூடம். மலை ஏறும்போது வண்டி மூக்கைத் தூக்கும், இருக்கிற கொஞ்ச ஆயிலும் பின்னால் ஓடிவிடும், பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும். "அந்தப் பையன் இல்ல, யார் ஓட்டியிருந்தாலும் பன்னெண்டாவது வளைவோட சரிக்கா" என்றார். உன்னைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

அவர் போன பிறகு நோட்டுகளை எடுத்து உட்கார்ந்தேன். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை எழுதியிருக்கிறேன்: "அப்பா நான்கு லிட்டர் ஆயில் வாங்கி வந்தார். ஓடாத வண்டிக்கு எதற்கு என்றேன். துரு பிடிக்காமல் இருக்க என்றார். மத்தியானம் முழுக்க ஷெட்டில் இருந்தார். சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்." அடுத்த நாள், ஞாயிறு: "'உன் மகன் விலாசம் இருக்கிறதா?' என்று அப்பா கேட்டார். எழுதிக் கொடுத்தேன்." அவ்வளவுதான். அந்த மூன்றாவது கோடு அந்தச் சனிக்கிழமை அவர் போட்டதாகத்தான் இருக்க வேண்டும். அன்றிலிருந்து ஆயில் பார்த்ததாக நோட்டில் இல்லை. குச்சி துருப்பிடித்துவிட்டது, இனிமேல் பார்க்க வேண்டாம் என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. நானும் விட்டுவிட்டேன்.

அவரிடமிருந்து உனக்கு ஏதாவது வந்ததா? வந்திருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம். வராவிட்டாலும் சொல்ல வேண்டாம். விலாசம் எழுதிக் கொடுத்த அந்தத் துண்டுக் காகிதம், குச்சியைச் சுற்றியிருந்த கைக்குட்டைக்குள் நான்காக மடித்து இருந்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

கோபப்பட வேண்டும் என்று தோன்றுகிறது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. சமையல் செய்தேன். சாப்பிட்டேன். இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். பிரார்த்தனைக்கு உட்கார்ந்தபோது வாய்க்கு ஒன்றும் வரவில்லை. எழுந்து போய் அடுப்பைத் துடைத்தேன்.

டமாரம் எழுதித் தந்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தாலும் விவரம் எல்லாம் சரி. கீழே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறது. தபாலில் அனுப்பினாலும் போதும் என்று குமாஸ்தா அன்றைக்கே சொன்னார். நேரில் வந்து போட்டாலும் சரிதான் என்றார். இரண்டையும் எழுதிவிட்டேன். ஆமையைக் கண்ணாடிக் கடைக்காரருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. தினமும் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

குச்சியைத் துடைத்து அதன் இடத்திலேயே வைத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. நீ என்னைக் கேட்டதற்கு இத்தனை வருடமாகப் பதில் சொல்லவில்லை. முதல் கடிதத்திலும், சந்தேகமாக இருந்தது என்று எழுதினேன். அதை அடித்துவிடு. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தேன், கண்ணு. மேல் கோட்டில்தான் இருந்தது. நீ கேட்ட அன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருந்தது.

மேட்டிலும் பள்ளத்திலும் கடவுள் உன் கூடவே வரட்டும். வாசல் கதவு பகலில் தாழ் போடுவதில்லை.

அம்மா